ஓட்டை இல்லாத பிக்கப்

என் வீட்டுக்காரர் கனிசியஸ் தரையில் நடப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். முற்றம் எந்த நேரமும் ஆடக்கூடும் என்ற சந்தேகத்தோடு காலை அகட்டி அகட்டி வைப்பார். பதினாறு வயதில் கடலுக்குப் போனவர், அறுபத்தொரு வயது வரைக்கும் அதை விடவில்லை. கரையில் அவருக்கு வழி தெரிந்த இடங்கள் மூன்று: வீடு, கோயில், போட் கட்டும் துறை. ஒருமுறை எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பயிற்றங்காய் வாங்க அனுப்பினேன். பல்கலைக்கழகத்தைச் சுற்றி இரண்டு மணித்தியாலம் நடந்துவிட்டு, வெறும் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். நட்சத்திரத்தைப் பார்த்து நடுக்கடலில் வழி கண்டுபிடிக்கிற மனுசன்.

நான் பெர்னடெட். பிறந்ததும் வளர்ந்ததும் கல்யாணம் முடித்ததும் குருநகரில்தான். கடற்றொழிலாளர் சங்கத்தில் இருபத்திரண்டு வருடம் கிளாக்காக இருந்தேன். எழுதத் தெரிந்த குற்றத்துக்காக ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது இவரைப் பற்றி எழுதுகிறேன். இவர் வாசிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் மாசி மாதம் இவர் கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். எங்கள் மகள் கிறிஸ்ரினாவின் புருசன் றோய்தான் பக்கத்தில் நின்றவன். வலையை அறுத்து விட்டுவிட்டு ஒரே ஓட்டமாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு விடும்போது டொக்டர் பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஐயா, இனிக் கடல் உங்களுக்குச் சரிவராது."

"ஓம் டொக்டர்," என்றார் இவர்.

அந்த ஓமை நான் அப்போதே நம்பவில்லை. என்னோடு முப்பத்தாறு வருடம் இதே ஓமைத்தான் சொல்லி வருகிறார். போட்டை றோயிடம் கொடுத்ததாகப் பெயர், ஆனால் சித்திரை மாதத்துக்குள் இரண்டு தரம் எனக்குத் தெரியாமல் அதில் ஏறிவிட்டார். மூன்றாம் தரம் நான் கண்டுவிட்டேன். முழங்கால் தண்ணீரில் சீலையோடு இறங்கி நின்று போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். றோய் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இவர் இறங்கி வந்தார். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. மறித்தால் இன்று இறங்குவார், நாளைக்கு நான் நித்திரையாக இருக்கும்போது போவார். நெஞ்சு இன்னொரு தரம் பிடித்தால் கரைக்கு வருவது இவராக இருக்காது. இவரைக் கரையில் கட்டி வைக்க எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும், அது இவர் கைக்கு வேலை கொடுப்பதாகவும் இருக்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளிக் கிறகோரி அண்ணை இருக்கிறார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு எடுத்தவர். அவரிடம் போய்க் கேட்டேன். மானிப்பாயில் தனக்குத் தெரிந்த ஒருவரின் வளவில் பழைய பிக்கப் ஒன்று நிற்கிறது என்றார். பரமலிங்கம் என்பவருடையது. ஒரு காலத்தில் அதில் கொடிகாமம் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றி வியாபாரம் செய்தவராம். இவரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். மாமரத்தடியில், பாதிச் சில்லு மண்ணுக்குள் போய், இரும்பைக் கறள் தின்றது போக மிச்சமாக நின்றது. உள்ளே சீற்றில் ஒரு பேட்டுக்கோழி அடை கிடந்தது.

"எஞ்சின் நல்லது," என்றார் பரமலிங்கம். "மற்றது எல்லாம் கொஞ்சம் பார்க்க வேணும்."

மற்றது எல்லாம் என்றால் வண்டி முழுவதும். ஆனால் இவர் அந்தப் பிக்கப்பின் பக்கத்தில் குந்தியிருந்து, கறள் பிடித்த தகட்டை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். பழைய போட் வாங்கப் போனால் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். விரல் ஓர் இடத்தில் உள்ளே போய்விட்டது. முகம் மலர்ந்ததைக் கண்டேன், ஓட்டை கண்ட சந்தோசம் அது. விலை பேசி முடித்து, லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். கோழியும் முட்டையோடு கூடவே வந்துவிட்டது. பரமலிங்கம் ஒரு கிழமை கழித்துக் கோழியைக் கேட்டு ஆள் அனுப்பினார், குஞ்சு பொரித்த பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு இவர் என்னைக் கூப்பிட்டார்.

"பெர்னடெட், நீ ஏன் இதை வாங்கினனி எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் நல்லது."

"ஒரு ஒப்பந்தம் வைப்பம். மார்கழி எட்டாந் திகதி மாதாவின்ரை திருநாள். அண்டைக்கு மாதா இந்த வண்டியிலை ஏறி ஊர் சுத்திக் கோயிலுக்குத் திரும்பி வந்தால், நான் கரையிலை நிப்பன். மீன் ஏத்தி வித்துப் பிழைப்பன். வராட்டி தை மாசம் றோயோடை கடலுக்குப் போவன். நீ தண்ணியிலை வந்து நிக்கக் கூடாது."

செபமாலையை எடுத்து நீட்டினேன். அதில் கை வைத்து ஓம் என்றார். இந்த முறை ஓமில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, ஏனென்றால் இவர் என்னை ஏமாற்றுவார், மாதாவை ஏமாற்ற மாட்டார்.

வேலை தொடங்கியது. எஞ்சின் கிறகோரி அண்ணையின் பொறுப்பு. உடம்பு இவருடைய பொறுப்பு. இவருக்குத் தகட்டு வேலை தெரியாது. தெரிந்ததெல்லாம் பைபர் வேலை: போட்டில் ஓட்டை விழுந்தால் பைபர் துணியை வெட்டி வைத்து, றெசின் பூசி, காய்ந்த பிறகு தேய்ப்பது. அதையே பிக்கப்புக்கும் செய்தார். கதவின் கீழ்ப் பாதி பைபர், மட்காட் பைபர், பின்பெட்டியின் அடித்தட்டு முக்கால்வாசி பைபர். வளவு முழுவதும் றெசின் மணம். சோறு கூட அந்த மணம்தான் மணத்தது.

பேச்சும் மாறவில்லை. வண்டியின் முன்பக்கத்தை அணியம் என்பார், வள்ளத்தின் மூக்குக்கு எங்கள் ஆட்கள் சொல்கிற பெயர். வலது கதவு சோளகப் பக்கம், இடது கதவு வாடைப் பக்கம். தெற்கிலிருந்து அடிக்கிற காற்று சோளகம், வடக்கிலிருந்து அடிப்பது வாடை, அந்தத் திசையைப் பார்த்து வைத்த பெயர்கள். கிறகோரி அண்ணை ஒருநாள் எஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அதன் பிறகு சோளகம் வாடைக்குப் போய், வாடை சோளகத்துக்கு வந்து, ஒரு கதவின் கைபிடியை மற்றக் கதவுக்குப் பூட்டி, இரண்டு பேரும் மூன்று நாள் கதைக்கவில்லை.

முதல் பூச்சு ஆடி மாதம் பூசினார். ஆடியில் காற்று என்ன பாடு படுத்தும் என்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்குக் கடலில் அடிக்கிற காற்றுத்தான் கணக்கு, வளவுக்குள் மண் அள்ளி வரும் காற்று கணக்கில் இல்லை. பின்னேரம் பார்த்தால் வண்டி முழுவதும் மணல் ஒட்டிக் கிடந்தது. கையை வைத்தால் தோல் உரியும். முழுவதையும் தேய்த்து எடுத்து, படங்கு கட்டி மறைத்து, ஐப்பசியில் திரும்பவும் பூசினார். கடல் நீலம், நடுவில் மஞ்சள் பட்டை, அதற்குக் கீழே மெல்லிய சிவப்புக் கோடு. எங்கள் போட்டின் நிறம்தான். துறையில் நின்றால் இன்னொரு போட் என்று நினைத்து ஆட்கள் கயிறு எறிவார்கள் என்று கிறகோரி அண்ணை சொன்னார்.

ஓட்டப் பழகியது தனிக் கதை. எஞ்சின் போட்டில் கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் போட் வலப்பக்கம் திரும்பும். நாற்பத்தைந்து வருடக் கை அது. ஒழுங்கை முகப்பில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஸ்ரேறிங்கை இடப்பக்கம் வெட்டினார். முகப்பு வீட்டு றஜிதாவின் தகர வேலி விழுந்தது. றஜிதா நல்ல பிள்ளை. "வேலி எப்பிடியும் மாத்த வேண்டியதுதான் அங்கிள்," என்றாள். அந்த வேலியையும் பைபர் வைத்து ஒட்டிக் கொடுக்கப் பார்த்தார், நான் தடுத்துவிட்டேன்.

இனி நான் சொல்லப் போவதில் எனக்கும் பங்கு இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

மீன் ஏற்றுகிற வண்டியில் தண்ணீர் ஒழுகினால் ரோட்டெல்லாம் நாறும், சனம் ஏசும். ஒரு சொட்டும் ஒழுகாமல் கட்ட வேண்டும் என்று இவர் நினைத்தார். பின்கதவின் ஓரம் முழுவதும் பழைய ரியூப்பை வெட்டி ஒட்டினார். பின்பெட்டியின் அடியில் வட்ட வட்டமாகச் சில ஓட்டைகள் இருந்தன. கறள் தின்ற ஓட்டை இல்லை, அளவாக வெட்டிய ஓட்டை. அது ஏன் இருக்கிறது என்று வேறு எவரென்றாலும் யோசித்திருப்பார்கள். நாங்கள் யோசிக்கவில்லை. எங்கள் சனத்துக்கு அடித்தட்டில் ஓட்டையைக் கண்டால் அடைக்கத்தான் தெரியும். கிறகோரி அண்ணை அந்தக் கிழமை மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இவர் மூன்றை அடைத்துவிட்டு எழும்பினார். நான் தேத்தண்ணீரோடு நின்றேன்.

"இஞ்சாருங்கோ, அந்த மூலையிலை இன்னொண்டு இருக்கு."

"அட, ஓம்," என்றார். "உனக்கு நல்ல கண்."

நாலாவதையும் அடைத்தார். அதற்கு மேல் நீலம் பூசினார். எனக்கு நல்ல கண் என்று இவர் சொன்னதே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற விசயம், அந்தச் சந்தோசப் புழுகத்தில் நான் இரண்டு நாள் நடந்து திரிந்தேன்.

கார்த்திகை கடைசியில் பெயர் எழுதினார். இதையும் சொல்ல வேண்டும். இவரிடம் மூன்று வள்ளங்கள் இருந்தன. முதலாவதுக்குத் தாயின் பெயர், இரண்டாவதுக்கு அந்தோனியாரின் பெயர், மூன்றாவதுக்கு மகளின் பெயர். வரிசையில் நானும் நின்றேன், வள்ளம் முடிந்துவிட்டது. நான் ஒருநாளும் கேட்கவில்லை, மனதுக்குள் மட்டும் ஒரு பேப்பரில் எழுதி வைத்திருந்தேன். பூசை முடிந்து வந்து பார்த்தால் பிக்கப்பின் முகத்தில் வெள்ளைப் பெயின்றில் என் பெயர். 'டெ' கொஞ்சம் பெருத்துப் போயிருந்தது.

"எழுத்து கோணல்," என்றேன்.

"ஆளும் அப்பிடித்தானே," என்றார்.

உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்கழி எட்டும் வந்தது. காலையிலிருந்து மழை. மத்தியானம் பின்பெட்டியில் ஒரு அடி உயரத்துக்குப் பலகை மேடை அடித்து, வெள்ளைச் சற்றின் துணியைக் கீழே வரைக்கும் தொங்கவிட்டு, மாதாவின் சுருவச் சிலையை ஏற்றி, பொலித்தீனால் மூடினார்கள். வெள்ளைச் சிறகு கட்டிச் சம்மனசு வேடம் போட்ட நாலு சிறுமிகளுக்கும் மேடையில் இடம் வைத்தார்கள். பூசை முடியும் வரைக்கும் மழை படாமல் இருக்கட்டும் என்று இவர் வண்டியைக் கோயில் சுவரோடு அணைத்து நிறுத்தினார். மேலே கூரைப் பீலியின் வாய் இருந்ததை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் கோயில் கூரைத் தண்ணீர் முழுவதும் அந்தத் துணிக்குப் பின்னால், மேடைக்குக் கீழே, ஓட்டை இல்லாத பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. நாங்கள் உள்ளே பாட்டுப் படித்துக்கொண்டிருந்தோம்.

மழை விட்டதும் பவனி வெளிக்கிட்டது. இவர் ஸ்ரேறிங்கில், வெள்ளைச் சேட் போட்டு, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு. கிறகோரி அண்ணை பக்கத்து சீற்றில். நான் பெண்களோடு பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தேன். முதல் வளைவில் வண்டி கொஞ்சம் நின்று எடுத்தது. பின்கதவுக்கு மேலால் ஒரு வாளியளவு தண்ணீர் பாய்ந்து முன் வரிசையில் நின்ற பாடகர் குழுவை நனைத்தது. பீலித் தண்ணீர் துணியில் தேங்கி நின்று விழுந்திருக்கும் என்று நினைத்தோம். இரண்டாம் வளைவில் திரும்பவும் பாய்ந்தது. இந்த முறை பாதருக்கு.

"அன்ரி, என்ரை சப்பாத்துக்குள்ளை தண்ணி," என்று ஒரு சம்மனசு அழத் தொடங்கியது.

நான் ஓடிப்போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தேன். மேடைப் பலகை தெரியவில்லை. செவ்வந்திப் பூவும் மெழுகுதிரித் துண்டும் மிதந்துகொண்டிருந்தன. வண்டியின் பின்பக்கம் ரயரில் முட்ட அமர்ந்திருந்தது, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கிறகோரி அண்ணை இறங்கி வந்து ஒரு தரம் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. பின்கதவைத் திறந்து விடவும் முடியாது, மேடை அதில்தான் தாங்கி நின்றது.

"தங்கச்சி, ஆர் அந்த ஓட்டையளை அடைச்சது? இது ஒரு தொன் பாரம். சில்லுக்கு மேலை இருக்கிற வில்லுத் தகடு முறியும். மாதாவை இறக்கித் தோளிலை கொண்டு போறதுதான் புத்தி."

நாலு இளந்தாரிகள் தோளைக் கொடுக்க வந்தும் விட்டார்கள். மாதாவை இறக்கினால் ஒப்பந்தம் போச்சு. தை மாதம் இவர் போட்டில் ஏறுவார், நான் கரையில் நிற்பேன், எந்த விடியலில் எப்படி வந்து சேர்வாரோ தெரியாது. இதற்காகவா ஏழு மாதம் றெசின் மணத்தில் சோறு தின்றேன்.

"ஒருத்தரும் மாதாவிலை கை வைக்கக் கூடாது," என்றேன்.

சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பெட்டிக்குள் ஏறினேன். அந்தப் பிள்ளைகளைத் தூக்கித் தாய்மாரிடம் கொடுத்தேன். பூ வைத்திருந்த வாளியைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீரைக் கோலி ரோட்டில் ஊற்றத் தொடங்கினேன். வாழ்நாளில் ஒரு வள்ளத்திலும் ஏறாதவள் நான், கடல் பயம். முதல் முதல் தண்ணீர் இறைத்தது நடு ரோட்டில் நின்ற பிக்கப்பில். கொஞ்ச நேரத்தில் மகள் கிறிஸ்ரினா ஏறினாள், பிறகு றஜிதா ஏறினாள். எங்கள் பெண்களுக்குத் தண்ணீர் இறைக்கச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. செபமாலையும் நிற்கவில்லை. அருள் நிறைந்த மரியே ஒரு வாளி, அர்ச்சிஷ்ட மரியே ஒரு வாளி.

இவர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். நான் வாளியோடு நின்றபடி, போங்கோ என்று கையைக் காட்டினேன். முன்னுக்குத் திரும்பினார். பாரம் பின்னுக்கு இருக்கிற வள்ளத்தை எப்படிக் கொண்டுபோவாரோ அப்படி, ஆட்டாமல் அசைக்காமல், மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு போனார். பிறேக் பிடித்ததே தெரியவில்லை. மாதா ஒரு பக்கமும் சரியாமல் ஊர் சுற்றிக் கோயில் வாசலில் வந்து நின்றா. வில்லும் முறியவில்லை. என் இடுப்புத்தான் முறிந்தது.

அடுத்த நாள் காலை வண்டி முற்றத்தில் நின்றது. வாளிக்கு அகப்படாத இரண்டு விரல் தண்ணீர் இன்னும் பெட்டிக்குள் கிடந்தது. இவர் அதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாதா வந்து சேர்ந்திட்டா. ஒப்பந்தம் நினைவிருக்கோ?"

"நான் சொன்னது வண்டியிலை வந்தால் எண்டு." இவர் என்னைப் பார்க்கவில்லை. "தண்ணி இறைச்சு இறைச்சுக் கொண்டு வந்து சேர்க்கிறதுக்குப் பேர் வண்டியோ, பெர்னடெட்? ஊரே பார்த்தது. அவ வந்தது வள்ளத்திலை."

பகிடிக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. போய்க் கிறகோரி அண்ணையின் ட்றில் மெசினை வாங்கிக்கொண்டு வந்து, வயரைக் கொழுவி, இவர் கையில் கொடுத்தேன்.

"அப்ப இதை வண்டியாக்குங்கோ."

இவர் எழும்பிப் போய்ப் பெட்டியின் பக்கத்தில் குந்தினார். மெசினை அடித்தட்டுக்குக் கீழே வைத்தார். எடுத்தார். திரும்பவும் வைத்தார். திரும்பவும் எடுத்தார்.

"நாற்பத்தைஞ்சு வருசம் ஓட்டை அடைச்ச கை," என்றார். "அதிலையும் உன்ரை பேர் எழுதினதிலை நான் எப்பிடி ஓட்டை போடுறது?"

"முப்பத்தாறு வருசம் நீங்கள் கரைக்கு வந்து சேருமட்டும் நான் கண் மூடினதில்லை," என்றேன். "எனக்கு இனி ஏலாது. போடுங்கோ."

அடித்தட்டை விரலால் ஒரு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு சிலுவை அடையாளம் போட்டார், வள்ளம் தள்ளும்போது போடுகிற மாதிரி. மெசினை அமர்த்தினார். றெசின் தூள் பறந்தது. முதலாவது ஓட்டையால் தண்ணீர் மண்ணில் ஊற்றியது. மானிப்பாய்க் கோழி, வளர்ந்துவிட்ட தன் குஞ்சுகளோடு வந்து குடித்தது. இரண்டாவது போட்டார், மூன்றாவது போட்டார். மூலைக்கு வந்ததும் நின்று, மெசினை என் பக்கம் நீட்டினார்.

"இது நீ காட்டின ஓட்டை. இதை நீ போடு."

"எனக்குத் தெரியாது."

"தெரியாட்டிலும் போடு. நான் போட்டதை நான் எப்பவாவது மாறி யோசிச்சு அடைச்சுப் போடுவன். நீ போட்டதிலை கை வைக்க மாட்டன்."

என் கைக்கு மேல் தன் கையை வைத்துப் பிடித்தார். ஓட்டை கோணலாக விழுந்தது. மிச்சத் தண்ணீர் அதற்குள்ளால் வடிந்து முடியும் வரைக்கும் இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம்.

இப்போது ஒவ்வொரு காலையும் இவர் துறையில் மீன் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் போகிறார். வழி தவறினால் போன் எடுத்து என்னைக் கேட்கிறார். மீன் தண்ணீர் ரோட்டில் ஒழுகுகிறது என்று சனம் ஏசியது. கிறகோரி அண்ணை மற்ற மூன்றுக்கும் றப்பர் மூடி வாங்கிக் கொடுத்தார், இவர் பூட்டிக் கழற்றுகிறார். மூலையில் இருக்கிற கோணல் ஓட்டைக்கு எந்த மூடியும் பொருந்தாது. அதற்குக் கீழே ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். இன்றைக்கு வரைக்கும் அதை அடைக்கவில்லை.